கிராஸைக் கையால் பார்
(ஷாஃப்ட் வண்டி எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கு)

செயின் இல்லை, ஸ்பிராக்கெட் இல்லை, மழைக்காலத்தில் எண்ணெய் விட்டுத் துடைக்கும் வேலை இல்லை என்று சொல்லித்தான் ஷாஃப்ட் வண்டியை உன் கையில் கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் செயின் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஷாஃப்டில் தேய்வது ஸ்விங்ஆர்ம் குழாய்க்குள் மறைந்து கிடக்கும். லாரிப் பட்டறையில் தொழில் பழகி, பிறகு இந்தப் பெரிய பைக்குகளுக்கு வந்தவன் நான். லாரியின் அடியில் படுத்தால் பிராப்பலர் ஷாஃப்டும் அதன் யூஜே (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸும் முகத்துக்கு நேரே தொங்கும். நிப்பிளில் கிரீஸ் அடித்து, கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். பைக்கில் அந்த வசதி கிடையாது. பார்க்க வேண்டுமானால் திறக்க வேண்டும். நான் சொல்லப்போவது அத்தனையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருவதுதான். தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. உன் வண்டியில் எத்தனை கிராஸ் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்.

பி.எம்.டபிள்யூ 1923-இல் கொண்டுவந்த ஆர் 32-இலேயே ஷாஃப்ட் உண்டு. பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இல்லாததால் ரப்பர் வட்டு ஒன்றே அதற்குப் போதுமாக இருந்தது. 1955-இல் ஸ்விங்ஆர்ம் வைத்து வந்த ஆர் 50, ஆர் 69 தொடங்கி 1980-இன் ஆர் 80 ஜி/எஸ் வரை ஒரே கிராஸ். அது கியர்பாக்ஸை ஒட்டி, ஸ்விங்ஆர்ம் மடங்கும் அச்சுக்கு நேராக இருக்கும். ஷாஃப்ட் எண்ணெய்க்குள் சுழலும். இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், விட்டால் அமுங்கும். அதை அடக்குவதற்காக 1987-இல் ஆர் 80 ஜி.எஸ்., ஆர் 100 ஜி.எஸ். வண்டிகளில் பாராலீவர் வந்தது. ஸ்விங்ஆர்முக்கும் ஃபைனல் டிரைவுக்கும் நடுவே இன்னொரு மூட்டு, அதற்குள் இரண்டாவது கிராஸ். எண்ணெய்க் குளியல் அதோடு போயிற்று. இரண்டு கிராஸும் தொழிற்சாலையில் வைத்த கிரீஸை மட்டும் நம்பி, ‘பூட்’ எனும் ரப்பர் உறைக்குள் வேலை செய்கின்றன. ஓட்டுவதற்கு அருமையான அமைப்புதான். பராமரிப்பவனுக்கு இரண்டு பங்கு கவலை.

மோட்டோ குஸ்ஸியின் பழைய பெரிய வி-ட்வின்களில் கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கிராஸும் அதைத் தாங்க ஒரு பேரிங்கும் இருக்கும். அதே குஸ்ஸியின் வி 11-இல் வெளியே தெரியும் ஷாஃப்டில் இரண்டு கிராஸ், கிரீஸ் நிப்பிளோடு. ரஷ்யாவின் உராலில் முன்னால் ரப்பர் கப்ளிங், பின்னால் கிராஸ். இவற்றுக்கெல்லாம் ஒரே வைத்தியம் கிடையாது. சர்வீஸ் மானுவலில் உன் வண்டியின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசு.

2. கிராஸ் ஏன் தேய்கிறது என்பதைப் புரிந்துகொள். இதில் அவசரப்படாதே.

கிராஸுக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையின்மேலும் ஒரு கப். கப்புக்குள் வரிசையாக ஊசி பேரிங். இரண்டு கையை ஒரு யோக் பிடித்திருக்கும், மற்ற இரண்டை எதிர்ப்பக்கத்து யோக் பிடித்திருக்கும். ஷாஃப்ட் நேர்கோட்டில் இருந்தால் இந்த ஊசிகளுக்கு வேலையே இல்லை. கோணம் விழும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ஊசிகள் கொஞ்சம் முன்னால் உருண்டு, திரும்ப அதே இடத்துக்கு வரும். சக்கரத்து பேரிங் முழு வட்டம் சுற்றுவது, அது ஆட்டுக்கல். கிராஸ் அம்மி. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் தேய்ப்பதால் அங்கிருக்கும் கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், தானாகத் திரும்பி வராது. கிரீஸ் போன இடத்தில் ஊசி ஒவ்வொன்றும் கையின்மேல் ஒரு கோடு பதிக்கும். கோடு பள்ளமாகும். பள்ளத்தில் ஊசி உட்கார்ந்துகொண்டால் கிராஸின் கதை முடிந்தது.

எத்தனை வேகத்தில் இது நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார். பெரிய பைக்கின் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 830 சுற்றுக்கு மேல். ஃபைனல் டிரைவின் விகிதம் ஏறத்தாழ 3 என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,500 சுற்று. அத்தனை முறையும் ஊசிகள் அந்தச் சிறு தூரத்தைப் போய்த் திரும்புகின்றன, எஞ்சினின் முழு இழுவையையும் சுமந்துகொண்டு.

இன்னொன்றும் உண்டு. கோணத்தில் சுழலும் ஒற்றை கிராஸ் மறுபக்கத்தைச் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம்தான். 20 டிகிரியில் 6 சதவீதத்தைத் தாண்டும். கோணம் இரண்டு மடங்கானால் தொல்லை நான்கு மடங்கு. பின்னால் கோணத்தைப் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வை.

3. பழைய ஒற்றை கிராஸ் வண்டியா? எண்ணெயைப் பார்.

வண்டிக்கு ஏற்றபடி 100 முதல் 150 மில்லி எண்ணெய்தான் ஸ்விங்ஆர்முக்குள் இருக்கும். அவ்வளவு சிறிய அளவில் பாதி ஒழுகிப்போனாலும் கிராஸ் காய்ந்துவிடும். வடிக்கும்போது ஒரு வெள்ளைத் தட்டில் வடி. நுண்ணிய சாம்பல் நிற மாவு என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஊசி போன்ற துணுக்கு வந்தால் அன்றைக்கே ஷாஃப்டைக் கழற்று. விட்டதைவிட அதிகமாக எண்ணெய் வந்தால் கியர்பாக்ஸ் சீலோ ஃபைனல் டிரைவ் சீலோ போயிருக்கிறது. எண்ணெய் எங்கிருந்து வந்ததோ அங்கே அளவு குறைந்திருக்கும், அதையும் பார்.

4. பாராலீவர் வண்டியில் தண்ணீர்தான் முதல் எதிரி.

பிரஷர் வாஷ் குழாயை ரப்பர் பூட்டின் பக்கம் காட்டவே காட்டாதே. பூட்டின் உதடு வெளியிலிருந்து வரும் தெறிப்பைத் தடுக்கும். குழாயின் அழுத்தத்துக்கு முன் நிற்காது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கும். ஆற்றைக் கடந்தாலும், வெள்ளத்தில் சக்கரம் முழுக ஓட்டினாலும் அந்த வாரத்திலேயே பூட்டைத் திறந்து பார்த்துவிடு. பூட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது மடிப்புகளை விரலால் விரித்துப் பார். வெடிப்பு எப்போதும் மடிப்பின் அடியில்தான் தொடங்கும். கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி போல் சிவந்த தூள் இருந்தால், கிரீஸ் போய்த் துரு உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிராஸுக்கு மறுபடி கிரீஸ் வைத்துப் பயனில்லை.

5. பின் டயர் மாற்றும்போதெல்லாம் கிராஸைப் பார்.

இதற்காகத் தனியாக நாள் குறிக்காதே, குறித்தால் தள்ளிப்போடுவாய். சக்கரம் கழன்று கிடக்கும்போது பாதி வேலை முடிந்த மாதிரி. ஃபைனல் டிரைவை மேலே பிடித்திருக்கும் டார்க் ஆர்மின் ஒரு போல்ட்டைக் கழற்றி, பூட்டை விடுவித்தால் 2013 முதல் வந்த தண்ணீர் குளிர்ச்சி ஜி.எஸ். வண்டிகளில் ஃபைனல் டிரைவ் கீழே மடங்கும், ஷாஃப்டின் முனை கண்ணுக்கு வந்துவிடும். இந்த வண்டிகளின் ஷாஃப்டை 60,000 கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும் என்று பி.எம்.டபிள்யூவே பின்னாளில் சொல்லிவிட்டது. உன் வண்டி அந்த வரிசையில் வருகிறதா என்று சேஸி எண்ணைக் கொடுத்து டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

6. வண்டியில் வைத்தபடியே செய்யும் சோதனை.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து, நியூட்ரலில் போடு. பின்சக்கரத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக, கையால் சுற்று. ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் இறுக்கமோ கரகரப்போ தட்டினால் கிராஸைச் சந்தேகப்படு. சக்கரத்தின் ஒரு சுற்றில் இது ஆறு முறை போல வரும். பிரேக் பேட் உரசுவது சக்கரத்தின் சுற்றுக்கு ஒருமுறை வரும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. சந்தேகம் இருந்தால் காலிப்பரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டுச் சுற்று.

பிறகு முதல் கியரில் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டு. ஆட்டம் இருக்கத்தான் செய்யும். கியரின் பற்கள், ஸ்ப்ளைன், கிரவுன் பினியன் எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்ததுதான் உன் கையில் தெரிவது. அதைப் பார்த்து கிராஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதே. பூட்டை விலக்கி, யோக்கின் ஓரத்தில் ஒரு விரலும் கிராஸின்மேல் இன்னொரு விரலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சக்கரத்தை ஆட்டச் சொல். இரண்டு விரலும் சேர்ந்து நகர வேண்டும். ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் நகர்ந்தால் அதுதான் கிராஸின் ஆட்டம்.

சென்டர் ஸ்டாண்டில் வைத்துக் கியர் போட்டு எஞ்சினால் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். சக்கரம் தொங்கும்போது கோணம் ஓடும்போது இருப்பதுபோல் இருக்காது. நல்ல கிராஸும் அதிரும். விரல் போகும் அபாயம் வேறு.

7. ஷாஃப்ட் கழன்று வந்தபின் செய்யும் சோதனைதான் கடைசித் தீர்ப்பு.

ஒரு யோக்கை வைஸில் பிடி. தாடைக்கு அலுமினியத் தகடு வை. மறு யோக்கை இரண்டு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கொண்டுபோ. பிறகு 90 டிகிரி திருப்பி, அடுத்த ஜோடிக் கைகளுக்கும் அதையே செய். புதிய கிராஸ் கொஞ்சம் கனமாக நகரும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கனம். நடுவில், அதாவது ஷாஃப்ட் நேராக நிற்கும் நிலையில், ஏதோ பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்வது போல் தெரிந்தால் அதைத் திரும்ப வண்டியில் மாட்டாதே. "இன்னும் ஐயாயிரம் ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். ஓடவும் கூடும். எந்த இடத்தில் நிற்கும் என்று அவரால் சொல்ல முடியாது. ஓடுகிற வேகத்தில் கிராஸ் உடைந்தால் ஷாஃப்டின் முனை ஸ்விங்ஆர்மை உள்ளிருந்து குத்தும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவும் கூடும். இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

8. எங்கே எந்த கிரீஸ் என்பதில் கவனம்.

நிப்பிள் உள்ள கிராஸுக்கு லித்தியம் வகை, என்.எல்.ஜி.ஐ. 2, அதிக அழுத்தம் தாங்கும் நல்ல கிரீஸ். ஸ்ப்ளைனுக்கு அது போதாது. அங்கே மாலிப்டினம் அதிகம் கலந்த பேஸ்ட் வேண்டும். ஸ்ப்ளைன் பேஸ்ட்டை ஊசி பேரிங்குக்குள் அடைக்காதே. உள்ளே என்ன கிரீஸ் இருக்கிறது என்று தெரியாமல் வேறு வகையைக் கலக்காதே. சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தண்ணீராக இளகிவிடும்.

அடிப்பதற்கு முன் நிப்பிளைத் துணியால் துடை. இல்லாவிட்டால் வாயில் உட்கார்ந்திருக்கும் மணலைத்தான் முதலில் உள்ளே தள்ளுவாய். கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்து. நான்கு கப்பின் ஓரத்திலும் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் ஷாஃப்டைக் கால் சுற்று திருப்பி, அந்தக் கப்பின்மேல் விழும் பாரத்தை மாற்றி, மறுபடி அடி. அப்போதும் வராவிட்டால் அந்தக் கை காய்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று நன்றாக இருப்பதால் நான்காவது பிழைக்காது.

9. இரண்டு கிராஸ் உள்ள ஷாஃப்டில் யோக்குகளின் திசை.

இங்கேதான் நல்ல கைகளும் தடுமாறுகின்றன. முன் கிராஸ் தரும் வேகக் கூடுதலைப் பின் கிராஸ் குறைத்துச் சமன்செய்ய வேண்டும். அதற்கு நடு ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். 1990-களின் ஆர் 1100 வரிசையிலும் அதற்குப்பின் வந்த ஆர் 1150-இலும் ஷாஃப்ட் இரண்டு துண்டாக ஸ்ப்ளைனில் சேரும். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் போய் உட்காரும். தவறிப் போட்டால் இரண்டு கிராஸின் ஏற்ற இறக்கமும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிவிடும். வண்டி ஓடும். அதிரும். புது கிராஸ் கொஞ்ச நாளில் கெடும்.

கழற்றுவதற்கு முன்பே இரண்டு துண்டின் மேலும் பெயின்ட்டால் ஒரே நேர்கோடு போடு. சாக்பீஸ் கோட்டைக் கிரீஸ் துணி அழித்துவிடும். முன்பு கழற்றியவர் சரியாகப் போட்டிருப்பார் என்றும் நம்பாதே; பழைய வண்டி வாங்கியவர் முதல்முறை திறக்கும்போது யோக்குகளைக் கண்ணால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பழைய பாராலீவர் ஷாஃப்டில் அதிர்ச்சி தாங்க உள்ளே ரப்பர் வார்த்திருப்பார்கள். அந்த ரப்பர் விட்டுப்போனால் யாரும் கை வைக்காமலே யோக்குகள் திசை மாறிவிடும். அதையும் அதே கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

10. உயரத்தை மாற்றினால் கோணம் மாறும்.

நீளமான ஷாக் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்குகிறவர்கள், கால் எட்டவில்லை என்று இறக்குகிறவர்கள், இருவருமே கிராஸின் வேலையை மாற்றுகிறார்கள். இரண்டாவது அறிவுரையில் சொன்ன கணக்கு இங்கேதான் உதவும். பாராலீவரில் டார்க் ஆர்மின் நீளத்தை மாற்றினால் பின் கிராஸின் கோணம் தனியாக மாறி, முன் பின் கணக்கு ஒத்துப்போகாது. கோணமே இல்லாமல் இருந்தாலும் நல்லதில்லை. ஊசி உருளாமல் ஒரே கோட்டில் பாரம் வாங்கி அங்கேயே பள்ளம் பறிக்கும். லாரியில் ஷாஃப்டை வேண்டுமென்றே ஒரு சிறு கோணத்தில் வைப்பது இதனால்தான். தொழிற்சாலை வைத்த உயரத்தில் விட்டுவிடு. கால் எட்டாவிட்டால் சீட்டின் நுரையைக் குறை.

11. கிராஸ் மாற்றும்போது சுத்தியலைத் தூர வை.

லாக் போட்ட கிராஸ் என்றால் நீயே மாற்றலாம். லாக்கை எடுத்தபின் கப்பின் வெளி அளவுக்குச் சற்றுச் சிறிய சாக்கெட் ஒரு பக்கம், கப் உள்ளே நுழையும் அளவு பெரிய சாக்கெட் மறுபக்கம் வைத்து, வைஸால் அழுத்தித் தள்ளு. யோக்கின் காதில் சுத்தியல் பட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் வளையும்; பிறகு எந்தக் கிராஸும் அதில் நேராக உட்காராது.

புதுக் கப்பின் ஊசிகளைக் கிரீஸால் ஒட்டி நிறுத்து. கையைக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே அழுத்து. கடைசியில் லாக் உட்காரும் காடி முழுதும் தெரியாமல் ஒரு நூல் மிச்சம் நின்றால் ஓர் ஊசி சரிந்து அடியில் விழுந்திருக்கிறது. வைஸை இன்னும் முறுக்கினால் உட்காராது, உடையும். வெளியே எடுத்து மறுபடி அடுக்கு. எல்லாம் முடிந்தபின் இறுக்கமாக இருந்தால் யோக்கின் அடிப்பக்கத்தில் பித்தளைக் கம்பி வைத்து லேசாக ஒரு தட்டு. கப்புகள் வெளிப்பக்கம் ஒதுங்கி லாக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

பி.எம்.டபிள்யூ பாராலீவர் ஷாஃப்டில் லாக் இருக்காது. கப்பைச் சுற்றி யோக்கின் உலோகத்தையே நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். தனிக் கிராஸும் கம்பெனி தருவதில்லை. முழு ஷாஃப்ட் மாற்றலாம், அல்லது லாக் காடி வெட்டித் திரும்பக் கட்டித் தரும் தேர்ந்த பட்டறைக்கு அனுப்பலாம். வீட்டு வைஸில் செய்யும் வேலை அது இல்லை.

12. லாரிக் கடைக் கிராஸைப் பற்றி.

நாமக்கல்லிலோ சேலத்திலோ லாரிக் கடைக்குப் போனால் சுவர் நிறைய கிராஸ் தொங்கும். அங்கே இருக்கும் அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். கட்டை விரலால் கப்பைத் தடவியே நல்லது கெட்டது சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பார்வைக்கு ஒத்துப்போகிறது என்று வாங்காதே. கப்பின் வெளி விட்டம், எதிரெதிர் கப்புகளின் மொத்த நீளம், இரண்டையும் வெர்னியரால் அள. கப் தளர்வாக நுழைந்தால் வெல்டிங் பொட்டு வைத்து நிறுத்தலாம் என்பார்கள். வெல்டிங் சூட்டில் ஊசியும் சீலும் அங்கேயே செத்துவிடும். ஷாஃப்ட் குழாயில் கை வைத்து எந்த வேலை செய்தாலும் பேலன்ஸ் பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றாமல் வண்டியில் மாட்டாதே.

13. அதிர்வு வந்தால் எங்கிருந்து என்று பிரி.

ஒரே வேகத்தில், உதாரணமாக 80-இல், ஒருமுறை நான்காவது கியரிலும் ஒருமுறை ஐந்தாவதிலும் ஓட்டு. கியர் மாறியதும் அதிர்வு மாறினால் எஞ்சின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால். கிளட்சைப் பிடித்து உருளவிட்டாலும் நிற்காது, ஏனென்றால் சக்கரம் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு டயரையும் சக்கர பேரிங்கையும் பார். செலவு குறைந்ததை முதலில் தள்ளு. டயரின் அதிர்வு சீட்டில் மெதுவான குலுக்கலாக வரும். ஷாஃப்டின் அதிர்வு ஃபுட்ரெஸ்டில் நுண்ணிய நடுக்கமாக, காலடியில் தேனீ ரீங்கரிப்பது போல வரும். ஆக்ஸிலேட்டரை விடும்போதும் பிடிக்கும்போதும் அதன் குணம் மாறும்.

14. போல்ட்.

கியர்பாக்ஸ் பக்கத்து ஃபிளாஞ்சை நான்கு போல்ட் பிடிக்கும் பழைய பி.எம்.டபிள்யூக்களில், கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடாதே. புதியது வாங்கு, மானுவலில் சொன்ன நியூட்டன் மீட்டருக்கு முறுக்கு. சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த இடுக்கில் நுழையாது. அதற்கென்று குட்டையான கருவி விற்கிறது. நுழையவில்லை என்பதற்காகக் கை அளவில் முறுக்கிவிட்டு வராதே.

15. பழைய ஷாஃப்ட் வண்டி வாங்கப் போகிறாயா?

பெயின்ட்டையும் பெட்டிகளையும் பிறகு பார்க்கலாம். கிராஸ் எப்போது, எத்தனை கிலோமீட்டரில் பார்க்கப்பட்டது என்று கேள். "ஷாஃப்ட்தானே, அதைப் பார்க்கவே வேண்டாம்" என்று பதில் வந்தால், யாரும் திறந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு, புது ஷாஃப்டின் விலையைக் கழித்து விலை பேசு. வாங்கி வந்த வாரத்தில் பூட்டைத் திற. திறந்த தேதியையும் கிலோமீட்டரையும், கிராஸ் எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதி சீட்டுக்கு அடியில் வை. அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்கும் அது உதவும்.